அரை மார்க்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். இதில் ஒருவருக்கு நான் கொடுக்க வேண்டிய பாக்கி ஒன்று இருக்கிறது. அது யார் என்று கடைசியில் சொல்கிறேன். பெயர் மட்டும் சொல்ல மாட்டேன். படித்தால் அவளுக்கே தெரியும்.

1994-ம் வருடம். ஏழாம் வகுப்பு அறிவியல் இடைத்தேர்வு. அதில் நானே எழுதிய ஒரு மார்க் கேள்வி ஒன்று: "ஒரு பொருள் ஒரு உயிரினத்தில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வந்தால் அதிலிருந்து என்ன தெரிகிறது?" நான் எதிர்பார்த்த விடை, "அது அந்த உயிரினத்துக்குப் பயன்படுகிறது" என்பது. இயற்கை எதையும் வீணாக வைத்திருக்காது என்று அந்த வாரம்தான் பாடம் நடத்தியிருந்தேன்.

ஒரு பெண் மட்டும், "அதற்குத் தொடர்ந்து வர வழி தெரியும் என்று தெரிகிறது. பயன் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்று எழுதியிருந்தாள். அரை மார்க் போட்டேன். தாளைக் கொடுத்ததும் எழுந்து நின்றாள்.

"டீச்சர், என் தலையில பேன் இருக்கு. எங்கம்மா தலையிலயும் இருந்துச்சாம். எங்க ஆயா தலையிலயும் இருந்துச்சாம். அதனால எங்களுக்கு என்ன டீச்சர் பயன்?"

வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பேன் வேற உயிர். நான் கேட்டது உயிரினத்துக்கு உள்ளேயே இருக்கிறதை. உட்காரு" என்று அதட்டிவிட்டேன். அவள் உட்கார்ந்தாள். அத்தோடு மறந்தும் போனேன்.

முப்பது வருடம் கழித்து அதை எனக்கு நினைவூட்டியது ஒரு வெட்டுக்கிளி.

என் தம்பி மகள் எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறாள். போன விடுமுறையில் வந்தபோது கண்மாய்க் கரைப் புல்லில் வெட்டுக்கிளி பிடித்துக்கொண்டிருந்தாள். செய்முறைத் தேர்வுக்குத் தயார் செய்கிறாளாம். ஆண் வெட்டுக்கிளியின் விந்தகத்தை எடுத்துச் சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் குரோமோசோம்கள் நன்றாகத் தெரியும். வெட்டுக்கிளியின் குரோமோசோம்கள் பெரியவை, எண்ணுவது எளிது. அதனால்தான் நூறு வருடத்துக்கும் மேலாக உலகம் முழுக்க அதை வைத்தே பாடம் நடத்துகிறார்கள்.

பேச்சுவாக்கில் அவள் சொன்னாள்: "அத்தை, சில வெட்டுக்கிளியில கணக்குக்கு மேல ஒண்ணு ரெண்டு குரோமோசோம் கூடுதலா இருக்கும். பி குரோமோசோம்னு பேரு. எதுக்கு இருக்குன்னு கேக்காதீங்க. எப்படி வந்துச்சு, எப்படிப் பரவுதுன்னு கேளுங்க."

எனக்குச் சுருக்கென்றது. அந்த ஏழாம் வகுப்புப் பெண் சொன்னதும் இதைத்தானே? நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் படித்தவள். அவளிடமே புத்தகங்களைக் கேட்டு வாங்கி, புரியாத இடங்களைக் கேட்டுக் கேட்டு இரண்டு மாதமாகப் படித்தேன். படித்ததை உங்களுக்கு என் பாணியில் சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. நம் உடம்பின் செல்களில் பொதுவாக 46 குரோமோசோம்கள், அதாவது 23 ஜோடிகள். ஜோடியில் ஒன்று அம்மா கொடுத்தது, மற்றது அப்பா கொடுத்தது. நாம் பிள்ளைக்குக் கொடுக்கும்போது ஜோடியில் ஒன்றைத்தான் கொடுப்போம். எது போகும் என்பது பூவா தலையா போட்டுப் பார்ப்பது மாதிரி, பாதிக்குப் பாதி வாய்ப்பு. வெட்டுக்கிளிகளில் பல இனங்களுக்குப் பெண்ணுக்கு 24, ஆணுக்கு 23 குரோமோசோம்கள். பி குரோமோசோம் இந்தக் கணக்கில் சேராது. அதற்கு ஜோடி கிடையாது. அது இல்லாமலும் அந்தப் பூச்சி பிறக்கும், வளரும், முட்டையிடும். ஒரே வயலில் ஒன்றுக்கு இருக்கும், பக்கத்தில் இருப்பதற்கு இருக்காது.

இங்கே ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன், உறவுகளில் சிலர் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டவுன் சின்ட்ரோம் குழந்தைகளுக்கு இருப்பது 21-ம் குரோமோசோமின் இன்னொரு பிரதி. அது வழக்கமான குரோமோசோம்தான், எண்ணிக்கையில் ஒன்று கூடியிருக்கிறது. நான் சொல்லும் பி குரோமோசோம் வேறு வகை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இதை முதலில் பூச்சியில் கண்டு எழுதியவர் அமெரிக்காவின் எட்மண்ட் பீச்சர் வில்சன். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர். ஆண், பெண் என்று தீர்மானிக்கும் குரோமோசோம்களைப் பற்றி 1905-ல் எழுதிய இருவரில் ஒருவர். இன்னொருவர் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண்மணி. மெட்டபோடியஸ் என்ற செடிப்பூச்சியை வில்சன் ஆராய்ந்தபோது, ஒரே இனத்தில் பூச்சிக்குப் பூச்சி குரோமோசோம் எண்ணிக்கை மாறுவதைப் பார்த்தார். 1907-ல் அவற்றை உபரி குரோமோசோம்கள் என்று எழுதினார். 1928-ல் ராண்டால்ஃப் என்பவர் மக்காச்சோளத்தில் இதே மாதிரி பார்த்து, வழக்கமானவற்றுக்கு ஏ என்றும் உபரிகளுக்கு பி என்றும் பெயர் வைத்தார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அதன் பிறகு பலரும் கேட்ட கேள்வி நான் வகுப்பில் கேட்டதேதான். இத்தனை தலைமுறையாக இருக்கிறதே, இதனால் என்ன பயன்? ஏதோ ஒரு பயன் இருக்கத்தான் வேண்டும், நமக்குத்தான் இன்னும் தெரியவில்லை என்று தேடினார்கள்.

இந்த இடத்தில் நம் பக்கத்து ஆள் ஒருவர் வருகிறார். இ.கே. ஜானகி அம்மாள். 1897-ல் தலச்சேரியில் பிறந்தவர். சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-ல் முனைவர் பட்டம் பெற்றார். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். 1939-ல் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டுக்குப் போனவர், போர் மூண்டதால் இங்கிலாந்திலேயே தங்கி அங்கே ஜான் இன்னஸ் நிலையத்தில் வேலை செய்தார்.

1940-ல் நேச்சர் இதழில் அவர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். பூச்சியைப் பற்றியது இல்லை, சோளத்தின் காட்டு உறவான ஒரு புல்லைப் பற்றியது. அந்தப் புல்லில் பி குரோமோசோம்கள் உண்டு. ஆனால் வேரில் தேடினால் இருக்காது. செடி வளரும்போதே உடம்புப் பகுதிகளிலிருந்து அவை தொலைந்துபோகின்றன. பூக்கும் பகுதியில் மட்டும் பத்திரமாக இருக்கின்றன.

இதை நான் மூன்று தடவை படித்தேன். வேர்தான் தண்ணீர் தேடுகிறது. செடிக்காக உழைக்கும் இடத்தில் பி குரோமோசோம் இல்லை. அடுத்த தலைமுறைக்குப் போகும் வாசலில் மட்டும் நிற்கிறது. செடிக்கு உதவ வந்திருந்தால் வேரை விட்டு ஏன் போக வேண்டும்?

1945-ல் சுவீடனைச் சேர்ந்த குன்னார் ஓஸ்டெர்கிரென் இதை வெளிப்படையாகவே எழுதினார். இந்த உபரிகள் ஒட்டுண்ணிகள். தாங்கும் உயிருக்குப் பயன்பட வேண்டும் என்ற அவசியமே இல்லை. பாதிக்குப் பாதி என்ற விதியைத் தாண்டி அடுத்த தலைமுறைக்குப் போகத் தெரிந்தால் போதும், அவை நிலைத்துவிடும். அவரும் பார்த்தது ஒரு செடியைத்தான். ஆனால் அவர் சொன்னதற்குப் பலமான சாட்சிகளைக் கொடுத்தவை பூச்சிகள்.

அது எப்படி என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். என்னிடம் படித்தவர்களுக்குக் கணக்கு இல்லாமல் பாடம் முடியாது என்று தெரியும்.

வெட்டுக்கிளிகளின் எண்ணிக்கை கூடாமல் குறையாமல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக இரண்டு பிள்ளைகள் பிழைத்து நிற்கும். ஒரு வெட்டுக்கிளியிடம் ஒரு பி குரோமோசோம். நியாயமான பூவா தலையா என்றால் இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்குப் போகும். ஒன்று ஒன்றாகவே இருக்கும், பெருகாது. இப்போது தாய் வழியில் மட்டும் நூற்றுக்கு 50 என்பதற்குப் பதில் 70 முட்டைகளுக்குப் போகிறது என்று வையுங்கள். தாயிடமிருந்து 1.4, தந்தையிடமிருந்து 1. சராசரி 1.2. பத்து தலைமுறையில் 10 பி குரோமோசோம்கள் 62 ஆகிவிடும்.

சரி, இந்த பி குரோமோசோம் பூச்சிக்குக் கெடுதல் செய்கிறது, பிள்ளைகள் பத்தில் ஒரு பங்கு குறைகிறது என்று வையுங்கள். 1.2-ஐ 0.9-ஆல் பெருக்கினால் 1.08. அப்போதும் ஒன்றுக்கு மேல்தான்! பத்து தலைமுறையில் 10 என்பது 21-ஐத் தாண்டிவிடும். ஆக, கெடுதல் செய்யும் பொருளும் பரவ முடியும். இந்த எண்கள் நான் விளக்கத்துக்காகப் போட்டவை. ஆனால் உண்மையான பூச்சிகளில் நடப்பதும் இந்த வழியில்தான்.

தாய் வழியில் எப்படி 50, 70 ஆகும்? முட்டை உருவாகும்போது செல் பிரிகிறது. பிரிந்ததில் ஒரு பக்கம்தான் முட்டை ஆகும். மறுபக்கம் வீணாகப் போகும். இங்கிலாந்தில் காட்ஃப்ரி ஹெவிட் என்ற ஆய்வாளர் மிர்மிலியோடெட்டிக்ஸ் என்ற சிறு வெட்டுக்கிளியின் முட்டைகளில் இதைப் பார்த்து 1976-ல் எழுதினார். செல் பிரியும் நேரத்தில் பி குரோமோசோம், வீணாகும் பக்கத்தைவிட முட்டையாகும் பக்கத்திலேயே அதிகமாக நிற்கிறது. பஸ் எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்துகொண்டு அந்தப் பக்கம் போய் நிற்பதுபோல.

வழி இது ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள். பூச்சிக்குப் பூச்சி வழி வேறு.

செம்பருத்திச் செடியில் வெள்ளையாகப் பஞ்சுபோல ஒட்டிக்கொண்டிருக்குமே மாவுப்பூச்சி, அந்தக் குடும்பத்தில் ஒரு விசித்திரம் உண்டு. ஆண் மாவுப்பூச்சி தன் தகப்பன் கொடுத்த குரோமோசோம்களை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்காது. அவை இறுகிச் சுருண்டு செயலற்றுக் கிடக்கும், கடைசியில் கழிக்கப்படும். தாய் கொடுத்தவை மட்டுமே விந்துக்குள் போகும். 1960-களில் யூஸி நூர் என்பவர் ஒரு மாவுப்பூச்சி இனத்தில் பி குரோமோசோமைத் தொடர்ந்து கவனித்தார். அது சரியான நேரத்தில் கழிக்கப்படும் கூட்டத்தை விட்டு விலகி, தாய் வழிக் குரோமோசோம்களோடு சேர்ந்து விந்துக்குள் போய்விடுகிறது. இங்கே ஏமாற்று வேலை தகப்பன் வழியில் நடக்கிறது.

இதைவிடப் பயங்கரமானது நசோனியா என்ற குளவி. கரும்புக்கு ட்ரைக்கோகிரம்மா அட்டை கட்டுவார்களே, அந்த மாதிரி ஒட்டுண்ணிக் குளவிதான் இதுவும். ஈக்களின் கூட்டுப்புழுவில் முட்டையிடும். குளவிகளில் கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாத முட்டை ஆணாகும். இந்தக் குளவியின் ஆண்கள் சிலவற்றில் ஒரு பி குரோமோசோம் உண்டு. அது விந்தோடு முட்டைக்குள் போனதும், தன்னோடு வந்த தகப்பனின் மற்ற எல்லாக் குரோமோசோம்களையும் அழித்துவிடுகிறது. தான் மட்டும் தப்பிக்கிறது. மிஞ்சுவது தாயின் பங்கும் இந்த பி குரோமோசோமும். பெண்ணாக வேண்டிய முட்டை ஆணாகிவிடுகிறது. அந்த ஆண் அதையே மறுபடி சுமக்கிறது. நூர், ஜான் வெர்ரன் முதலியோர் 1988-ல் சயின்ஸ் இதழில் இதை வெளியிட்டார்கள். அந்த பி குரோமோசோமிலேயே இருக்கும் ஒரு மரபணு இந்த அழிவைச் செய்கிறது என்று 2020-ல் காட்டினார்கள்.

நினைத்துப் பாருங்கள். ஏறி வந்த வண்டியைக் கொளுத்திவிட்டு அடுத்த வண்டி ஏறுகிறது. தகப்பனுக்கு இதனால் பேரன் பேத்தி வழி எதுவுமே மிஞ்சவில்லை. ஆனாலும் பி குரோமோசோம் பரவுகிறது. பயன் இருப்பதால்தான் பரவுகிறது என்று இனி யார் சொல்ல முடியும்?

நம் நாட்டிலும் இந்த ஆய்வு உண்டு. வாழைப்பழத்தில் மொய்க்கும் சின்ன ஈயின் இனங்களில் ஒன்று டிரோசோஃபிலா அல்போமிக்கன்ஸ். அதன் பி குரோமோசோம்கள் எப்படிப்பட்டவை என்று 1980-களில் மைசூர் பல்கலைக்கழகத்தில் ராமச்சந்திரா, ரங்கநாத் ஆகியோர் ஆராய்ந்தார்கள். பூச்சி, செடி, மீன், பூஞ்சை என்று உலகில் இதுவரை 2,000-க்கும் மேற்பட்ட இனங்களில் பி குரோமோசோம்களைக் கண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் இவை பெருகிப் பெருகிப் பூச்சி இனத்தையே அழித்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அதற்குப் பதில் ஸ்பெயினில் கிடைத்தது. கிரனாடா பல்கலைக்கழகத்தின் ஹுவான் பெத்ரோ கமாச்சோவும் அவருடைய குழுவும் ஐப்ரெப்போக்னெமிஸ் என்ற வெட்டுக்கிளியைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். பல ஊர்களில் அதன் பி குரோமோசோம் சாதுவாகிவிட்டிருந்தது. பாதிக்குப் பாதிதான் போகிறது, ஏமாற்று வேலை நின்றுவிட்டது. ஏன்? வெட்டுக்கிளியின் சொந்தக் குரோமோசோம்கள் அதை அடக்கக் கற்றுக்கொண்டுவிட்டன. பி குரோமோசோம் உள்ள பெண்களை, அது இல்லாத ஊரின் ஆண்களோடு சேர்த்துப் பார்த்தபோது பழைய ஏமாற்று வேலை தலைகாட்டியது. அடக்கி வைத்திருந்த காவல் உண்மைதான் என்பதற்கு இது ஆதாரம்.

கதை அத்தோடு முடியவில்லை. மலகா மாகாணத்தில் தொர்ரோக்ஸ் என்ற கடற்கரை ஊர். அங்கே அடங்கிக் கிடந்த பழைய பி குரோமோசோமிலிருந்து உருமாறிய ஒரு புதுவகை தோன்றியிருந்தது. அதற்குக் காவல் இன்னும் உருவாகவில்லை. தாய் வழியில் ஏறத்தாழ நூற்றுக்கு 70 வீதம் போனது. 1984-க்கும் 1994-க்கும் இடையே பழையதை ஒதுக்கிவிட்டுப் புதியது அந்த ஊரின் வெட்டுக்கிளிகளில் பெருகிவிட்டது. பத்தே வருடம். நான் வகுப்பில் அரை மார்க் வெட்டிய அதே 1994!

ஆக, வரலாறு இப்படிப் போகிறது: ஒரு உபரி நுழைகிறது, பரவுகிறது, பூச்சி அதை அடக்குகிறது, உபரி உருமாறி மறுபடி கிளம்புகிறது. பூட்டும் கள்ளச்சாவியும் மாறி மாறி வருவதுபோல. இதில் யாருக்கும் திட்டம் இல்லை, புத்தி இல்லை. ஏமாற்று, காவல் என்றெல்லாம் நான் எழுதுவது புரிவதற்காக. போக வழி கிடைத்தது போய்க்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு பக்கமாகவே பேசக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். எனவே இதையும் சொல்லிவிடுகிறேன். எல்லா உபரியும் கெடுதல் என்று இல்லை. செடிகளைத் தாக்கும் சில பூஞ்சைகளில் உபரிக் குரோமோசோமில் இருக்கும் மரபணுக்கள் அந்தப் பூஞ்சைக்கு உதவுகின்றன. செடியின் எதிர்ப்பை முறியடிக்க அவை தேவைப்படுகின்றன. அதனால் "இருந்தால் வீண்" என்று சொல்வதும் தவறு, "இருந்தால் பயன்" என்று சொல்வதும் தவறு. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

பரவியிருக்கிறது என்பது பரவியிருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. நல்லது என்பதற்குச் சாட்சி வேறு வேண்டும். வெட்டுக்கிளி விஷயத்தில் இதைச் சொல்ல அறிஞர்களுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. எனக்கு முப்பது வருடம் ஆனது. ஒரு ஏழாம் வகுப்புப் பெண்ணுக்கு ஒரு பரீட்சை நேரம் போதுமானதாக இருந்தது. எனக்கு வருத்தம், நான் தவறான விடை சொன்னதில் மட்டும் இல்லை. அப்போது கிடைத்த பாடம் அது, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கேள்வி கேட்டவளை உட்காரச் சொன்னேனே, அதுதான் வருத்தம். அதன் பிறகு அந்த வருடம் முழுக்க அவள் என் வகுப்பில் கை தூக்கியதாக எனக்கு நினைவில்லை.

அம்மா, நீ இதைப் படிக்கிறாயா என்று தெரியாது. உன் தோழிகள் இரண்டு மூன்று பேர் இங்கே இருக்கிறார்கள், அவர்கள் உனக்குச் சொல்லட்டும். நான் அன்று "பேன் வேற உயிர், உள்ளே இருக்கிறதைத்தான் கேட்டேன்" என்றேன். செல்லுக்கு உள்ளேயே, குரோமோசோம் வரிசையிலேயே பேன் மாதிரி ஒன்று அம்மாவிடமிருந்து மகளுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. நீ எழுதியது சரி. நான் போட்டது தப்பு.

அந்த அரை மார்க்கை இன்று போட்டுவிட்டேன். ஒன்றுக்கு ஒன்று. அடுத்த முறை காரைக்குடி வரும்போது வீட்டுக்கு வா. இன்னொரு கேள்வியும் கொண்டு வா. இந்தத் தடவை உட்காரச் சொல்வது காபி குடிக்க மட்டும்தான்.

மற்றவர்களும் உங்களுக்கு நான் வெட்டிய மார்க் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், பார்க்கலாம். எல்லாவற்றையும் கொடுப்பேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்!

அன்புடன்,
உங்கள் டீச்சர்
காரைக்குடி